மெழுகு நூலும் சித்தாளும்: மீரா முகர்ஜியின் வெண்கலங்கள்

பெண் சிற்பி ஒருவரைப் பற்றிய கட்டுரையை எடுத்தால் இரண்டாவது பத்திக்குள் நெருப்பு வந்துவிடும். கொதிக்கும் உலோகம், கனத்த சுத்தியல், வியர்வை, நடுவே புடவை கட்டிய ஒரு பெண். ‘ஆண்களே தயங்கும் துறையில்’ என்று ஒரு வரியும் இருக்கும். இந்தப் பாராட்டை நான் சந்தேகத்துடனேயே படித்துவருகிறேன். அது படைப்பாளியின் துணிச்சலைப் புகழ்ந்துவிட்டுப் படைப்பைப் பார்க்காமல் நகர்ந்துவிடுகிறது. உலோகம் ஆணுக்குரியது என்ற எண்ணத்தை அசைக்காமல், அதற்குள் எப்படியோ நுழைந்துவிட்ட விதிவிலக்காக அவளை நிறுத்திவைக்கிறது. விதிவிலக்குகளை வியப்பது எளிது. அவர்கள் செய்துவைத்த வேலையைப் படிக்கத்தான் பொறுமை வேண்டும்.

மீரா முகர்ஜியின் (1923–1998) வெண்கலங்களை அந்தப் பொறுமையோடு பார்க்க முயல்கிறேன். சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்தியச் சிற்பத்தில் மனித உருவை விடாமல் பற்றிக்கொண்டவர்களில் அவர் முதன்மையானவர். சணல் கயிற்றைப் பின்னிப் பெரும் உருவங்கள் செய்து, பிற்காலத்தில் வெண்கலத்துக்கு வந்த மிருணாளினி முகர்ஜியோடு (1949–2015) அவரைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இருவரும் வேறு வேறு தலைமுறை, வேறு வேறு கேள்விகள். மீராவின் கேள்வி உழைப்பைப் பற்றியது. ஒரு பொருளை உண்மையில் யார் செய்கிறார்கள், எந்த வேலை ‘செய்தல்’ என்று கணக்கில் வருகிறது, எது வெறும் ‘உதவி’யாகத் தள்ளப்படுகிறது? பெண்ணியம் சமையலறையிலும் வயலிலும் கேட்டுவந்த இதே கேள்வியை அவருடைய வெண்கலங்கள் தங்கள் மேற்பரப்பிலேயே வைத்திருக்கின்றன. ஆனால் அந்தக் கேள்விக்கு அவருடைய சொந்த வாழ்க்கைப் பாதை முழு விடை தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கொல்கத்தாவிலிருந்து பஸ்தர் வரை

கொல்கத்தாவில் பிறந்த மீரா, பதின்வயதிலேயே அவனீந்திரநாத் தாகூரின் வழியில் வந்த இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தின் பள்ளியில் சேர்ந்தார். 1941இல் திருமணம் நடந்தது. அது நிலைக்கவில்லை. பிறகு டெல்லி பாலிடெக்னிக்கில் ஓவியம், அச்சுக்கலை, சிற்பம் ஆகியவற்றைப் படித்தார். முறிந்த மணவாழ்க்கையைப் பெண் கலைஞரின் ஊற்றுக்கண்ணாக எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. துயரப்பட்டதால்தான் படைத்தாள் என்று. மீராவின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது, திருமணத்துக்கு முன்பும் பின்பும் அவர் மாணவியாக இருந்தார் என்பதுதான். நாற்பது வயதை நெருங்கும்போதும் அவர் யாரிடமாவது எதையாவது கற்றுக்கொண்டிருந்தார்.

1953இல் உதவித்தொகை பெற்று ஜெர்மனியின் மியூனிக் நுண்கலை அகாதமிக்குப் போனார். ஓவியராகப் போனவர் அங்கே சிற்பியானார். டோனி ஸ்டாட்லர், ஹைன்ரிஷ் கிர்ஷ்னர் ஆகிய இரு சிற்பிகளிடம் பயின்றார். இருவரும் மனித உருவைக் கைவிடாதவர்கள். வெண்கலத்தில் வேலை செய்தவர்கள். ஆகவே மீரா வெண்கல வார்ப்பை பஸ்தரில்தான் முதன்முதலில் கண்டார் என்று கதை சொல்வது சரியாகாது. மியூனிக்கில் கற்ற பிறகும் ஒன்று குறைவதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்பதிலிருந்துதான் அவருடைய கதை தொடங்குகிறது.

அது என்னவென்று ஊகிக்க ஐரோப்பிய அகாதமி மரபில் வெண்கலம் உருவாகும் விதத்தைப் பார்த்தால் போதும். அங்கே சிற்பி பெரும்பாலும் களிமண்ணிலோ பிளாஸ்டரிலோ உருவத்தைச் செய்வார். அதை வார்ப்பகத்துக்கு அனுப்புவார். அச்செடுப்பவர், மெழுகு ஊற்றுபவர், உலை பார்ப்பவர், ராவி மெருகிடுபவர் எனப் பல கைகள் அதைக் கடந்துபோகும். கடைசியில் பீடத்தில் ஒரு பெயர் பொறிக்கப்படும். யோசிப்பவர் ஒருவர், செய்பவர்கள் வேறு பலர். இந்தப் பிரிவினை அங்கே கலையின் இயல்பாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது.

இந்தியா திரும்பிய பின் குர்சியாங்கிலும் கொல்கத்தாவிலும் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். 1961 முதல் 1964 வரை இந்திய மானுடவியல் ஆய்வகத்தின் உதவித்தொகையில், நாட்டின் உலோகக் கைவினைஞர்களைத் தேடிப் பயணம் செய்தார். இந்தப் பயணங்களின் மையமாக பஸ்தர் அமைந்தது. இன்று சத்தீஸ்கரில் இருக்கும் அந்த வட்டாரத்தின் கட்வா சமூகத்தினரிடம் அவர் வார்ப்பு முறையைக் கற்றார். கட்வா என்றாலே உருவாக்குபவர் என்று பொருள். நாம் கைவினைக் கண்காட்சிகளில் ‘தோக்ரா’ என்ற பொதுப்பெயரில் வாங்கும் யானையும் விளக்கும் நடனப் பெண்ணும் இத்தகைய சமூகங்களின் கைகளிலிருந்து வருபவை.

மியூனிக்கில் படித்தவர் பஸ்தரில் மாணவியாக உட்கார்ந்தார் என்பதை ஒரு பணிவின் கதையாகச் சொல்லிச் சிலிர்க்க வேண்டியதில்லை. அவருக்குத் தேவையான அறிவு அங்கே இருந்தது. மண் பிசைவதிலிருந்து உலையிலிருந்து எடுப்பது வரை ஒரே குடும்பத்தின் கைகளுக்குள் நடக்கும் வேலை அது. யோசிப்பதும் செய்வதும் அங்கே தனித்தனி அறைகளில் இல்லை.

முறுக்கு நாழியும் மெழுகும்

தமிழ் வாசகருக்கு மெழுகு வார்ப்பு புதிதல்ல. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செய்வதும் அதுதான். தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து உருவத்தைச் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பெரும்பாலும் உள்ளே இடைவெளி இல்லாத கெட்டி வார்ப்பு. அச்சை உடைத்த பிறகு நீண்ட வேலை தொடங்கும். உளியால் அணிகலன்களைக் கூர்மையாக்குவார்கள், அரத்தால் ராவுவார்கள், மெருகேற்றுவார்கள். மேனி பளபளத்து நிற்கும்போது, அதைச் செய்த விரல்களின் தடம் ஏதும் மிஞ்சியிருக்காது. தெய்வ உருவத்துக்கு அதுவே பொருத்தம். தானே தோன்றியது போல இருப்பது அதன் இலக்கணம்.

கட்வா முறையின் தர்க்கம் வேறு. மண்ணோடு உமி, மணல் போன்றவற்றைக் கலந்து உள்கருவை முதலில் பிடிக்கிறார்கள். உருவத்தின் வடிவம் அந்த மண்ணிலேயே ஏறக்குறைய வந்துவிடும். அதன்மேல் மெழுகை நூலாகச் சுற்றுகிறார்கள். நம் வீட்டு முறுக்கு நாழியை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோன்ற ஓர் அழுத்துகருவியிலிருந்து மெழுகு நூல்கள் இழை இழையாக இறங்கும். அவற்றை ஒன்றை ஒன்று ஒட்டியவாறு வரிசையாகச் சுற்றி, கண், மூக்கு, வளையல், மாலை எல்லாவற்றையும் நூலிலேயே கட்டுகிறார்கள். பிறகு மெல்லிய மண்ணை முதலிலும் கரடான மண்ணை மேலேயும் பூசுகிறார்கள். சில குடும்பங்களில் உடைந்த பித்தளைத் துண்டுகள் வைத்த மூசையையும் அச்சையும் ஒன்றாகச் சேர்த்து மண்ணால் மூடி உலையில் வைப்பார்கள்; உலோகம் உருகியதும் தலைகீழாகத் திருப்பினால் அது அச்சுக்குள் இறங்கும். வெளியே வரும் உருவத்தில் ஒவ்வொரு நூலும் அப்படியே உலோகமாகியிருக்கும். விரல் போன வழி அழிவதில்லை.

இந்த ‘அழியாமை’யைத்தான் மீரா எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அவர் கட்வா உருவங்களை நகல் செய்யவில்லை. அவர்களுடைய உருவங்கள் சிறியவை, நேராக நிற்பவை, வழிபாட்டோடும் வீட்டுப் புழக்கத்தோடும் இணைந்தவை. மீராவின் உருவங்கள் குனிகின்றன, இழுக்கின்றன, சுமக்கின்றன, கூட்டமாக நகர்கின்றன. அளவிலும் அவர் வெகுதூரம் போனார். பெரிய சிலைகளைப் பகுதி பகுதியாக வார்த்து இணைத்தார். ஆனால் மெழுகு நூல்களையும் பட்டைகளையும் சுற்றி உடலைக் கட்டுவதை விடவில்லை. வார்ப்பில் விழுந்த தழும்புகளையும் கரடுகளையும் அரம் போட்டு முழுக்க அழித்துவிடவும் இல்லை. அவருடைய சிலைக்கு அருகில் போனால் தோல் தெரியாது, வேலை தெரியும்.

இதைப் பெண்ணுடலைப் பற்றிய கேள்வியோடு சேர்த்துப் பார்க்கலாம். மீராவின் ஆசிரியர் ஸ்டாட்லர், பிரெஞ்சுச் சிற்பி மாயோலின் தாக்கம் பெற்றவர். மாயோலின் வெண்கலங்களில் திரண்ட வழுவழுப்பான நிர்வாணப் பெண்ணுடல் நதிக்கும் இரவுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் பெயராக நிற்கும். அந்த உடல் எதையும் செய்வதில்லை. பார்க்கப்படுவதற்காக அமைதியாக இருக்கும். வெளிச்சம் அதன்மேல் தடையின்றி வழுக்கிப் போவதற்காகவே மெருகு. இந்த மரபுக்கு மிக அருகில் மூன்றாண்டுகள் படித்துவிட்டு வந்த ஒரு பெண், வெளிச்சம் வழுக்க முடியாத ஒரு மேற்பரப்பைத் தேடிப் போனார். மீராவின் உருவங்களில் பார்வை ஒவ்வொரு நூலிலும் தட்டித் தட்டித்தான் நகர முடியும். கண்ணால் தடவிப் பார்ப்பதற்கு அங்கே வழுவழுப்பு இல்லை. நெய்யப்பட்டது போல, தைக்கப்பட்டது போல அந்த உடல் தன் உருவாக்கத்தையே ஆடையாக உடுத்தியிருக்கிறது.

நூல், தையல், நெசவு என்றதும் ‘பார்த்தீர்களா, இது பெண்ணின் அழகியல்’ என்று முடித்துவிடும் ஆசை எழும். அவர் கொல்கத்தாவுக்குத் தெற்கே கிராமத்துப் பெண்களோடும் குழந்தைகளோடும் சேர்ந்து காந்தா தையல் வேலைகளை உருவாக்கியவர் என்பது அந்த ஆசைக்கு இன்னும் தீனி போடும். பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையலால் படம் வரையும் வங்காளக் கலை அது. ஆனால் கட்வா குடும்பங்களில் மெழுகு நூலைச் சுற்றுபவர்களில் ஆண்களும் இருக்கிறார்கள். நூல் இயற்கையிலேயே பெண்ணுக்குரியது அல்ல. உலோகம் இயற்கையிலேயே ஆணுக்குரியதும் அல்ல. வெண்கலத்தை ‘உயர்கலை’ என்றும் தையலைக் ‘கைவேலை’ என்றும் பிரித்துவைத்த ஏற்பாட்டில்தான் ஆண், பெண் என்ற அடைமொழிகள் ஒட்டிக்கொண்டன. மீரா இரண்டையும் ஒரே கையால் செய்தபோது அந்த ஏற்பாட்டுக்குத்தான் இடைஞ்சல் வந்தது.

மெரினாவில் இல்லாத சித்தாள்

உழைப்பை வெண்கலத்தில் பார்ப்பது என்றால் சென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மெரினாவின் உழைப்பாளர் சிலை. வங்காளத்திலிருந்து வந்து மெட்ராஸ் கலைப் பள்ளியின் முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் படைப்பு. 1959இல் திறக்கப்பட்டது. நான்கு ஆண்கள் பெரும் பாறையைப் புரட்ட முயல்கிறார்கள். முறுக்கேறிய தசைகள், விரிந்த முதுகுகள், ஒரே திசையில் குவிந்த வலிமை. வலுவான சிலைதான்; அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அதன் இலக்கணத்தைக் கவனியுங்கள். உழைப்பு அங்கே ஓர் உச்சகட்டக் கணம். ஒரே தம்மில் வெளிப்படும் ஆற்றல். அந்த ஆற்றலின் உருவம் ஆணுடல்.

நம் ஊர்க் கட்டட வேலையில் உழைப்பு அப்படி ஒரு கணத்தில் முடிவதில்லை. கொத்தனார் ஒரு வரிசை கல் வைப்பதற்குள் சித்தாள் பத்துத் தடவை நடந்திருப்பாள். மணல் சலித்து, கலவை போட்டு, சட்டியைத் தலையில் ஏற்றிச் சாரம் வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெறுஞ்சட்டியோடு திரும்புவாள். சித்தாள் என்ற சொல்லே அவள் வேலையைச் சிறிதாக்கிவிட்டது. கூலியும் அந்தச் சொல்லுக்கு ஏற்பத்தான். வீடு கட்டியவர் யார் என்றால் மேஸ்திரியின் பெயரைச் சொல்வார்கள். திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கு, சுமந்து கொடுக்கும் வேலைக்கு உச்சகட்டம் கிடையாது. ஆகவே அதற்குச் சிலையும் இல்லை.

வங்காளச் சிற்பத்தில் இந்தக் குறை முழுதாக இருந்தது என்று சொல்ல முடியாது. சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் 1956இல் செய்த ‘மில் கால்’ சிற்பத்தில், ஆலைச் சங்கு கேட்டு விரையும் சந்தால் பெண்கள் இருக்கிறார்கள். காற்றில் பறக்கும் துணியோடு ஓடும் அந்தப் பெண்கள் இந்திய நவீனச் சிற்பத்தின் மகத்தான உருவங்கள். ஆனாலும் அங்கே நாம் காண்பது வேலைக்குப் போகும் வேகம். மீரா அதற்கு அடுத்த இடத்துக்குப் போகிறார். வேலை நடந்துகொண்டே இருக்கும் நேரத்துக்கு.

‘மண் சுமப்போர்’, ‘மரத்தடியில் வேலை செய்யும் கொல்லர்கள்’ போன்ற அவருடைய படைப்புகளிலும், மீனவர்கள், படகோட்டிகள், நெசவாளர்கள் பற்றிய வெண்கலங்களிலும் தனி நாயகன் என்று எவரும் முன்னே வந்து நிற்பதில்லை. உடல்கள் ஒன்றையொன்று தொடர்கின்றன. ஒருவரின் வளைவு அடுத்தவரின் வளைவில் போய்ச் சேர்கிறது. முகங்கள் சிறுத்து, அங்க அடையாளங்கள் மங்கி, நிற்கும் விதமும் சாயும் விதமும் மட்டும் மேலெழுகின்றன. மீரா இந்துஸ்தானி இசை பயின்றவர்; பால் பாடகர்களை வெண்கலத்தில் செய்தவர். அவருடைய உருவக் கூட்டங்களில் தாளம் இருக்கிறது என்று பலரும் சொல்வதுண்டு. எனக்கு அது கச்சேரித் தாளமாகத் தெரியவில்லை. நாற்று நடும்போதும் சட்டி மாற்றும்போதும் கைகளுக்குள் தானாக வந்துவிடும் தாளம் அது. தசை முறுக்கு இல்லாமல் உழைப்பைக் காட்ட முடியும் என்பதை இந்த உருவங்கள் நிரூபிக்கின்றன. தசையை எடுத்துவிட்டதும், உழைப்பு ஆணுடலின் சொத்தாக இருப்பதும் நின்றுவிடுகிறது. சித்தாள் நுழைவதற்கு அங்கே இடம் இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம், எழ வேண்டும். இந்தத் தாளம் உழைப்பை அழகாக்கிவிடவில்லையா? கழுத்து வலியும் கூலிப் பாக்கியும் இந்த வளைவுகளில் எங்கே? மீராவின் தொழிலாளர்களிடம் கோபம் குறைவு, தியானம் அதிகம். வேலையே வழிபாடு என்ற நிலைக்கு அவை சில சமயம் மிக அருகில் போகின்றன. வேலையே வழிபாடு என்பதை வேலை செய்பவர் சொன்னால் ஒன்று, வேலை வாங்குபவர் சொன்னால் வேறொன்று. இந்தக் குறையை அவருடைய சில சிறு வெண்கலங்களில் நான் காண்கிறேன். ஆனால் கரடான மேற்பரப்பு அங்கும் அவரைக் காப்பாற்றுகிறது. வளைவு இனிமையாகும்போது, நூல்களின் சொரசொரப்பு அந்த இனிமைக்குள் முழுதாக மூழ்கவிடுவதில்லை.

யாருடைய பெயர்

மீராவின் பயணங்களின் பலனாக 1978இல் மானுடவியல் ஆய்வகத்தின் வெளியீடாக ஒரு நூல் வந்தது. ‘மெட்டல்கிராஃப்ட்ஸ்மென் ஆஃப் இந்தியா’ என்பது அதன் தலைப்பு. வார்ப்பு முறைகளையும் அவற்றைச் செய்யும் சமூகங்களையும் ஒரு சிற்பியின் கண்ணோடு பதிவு செய்த அரிய வேலை. அதன் தலைப்பிலேயே ‘மென்’ என்று ஆண்கள் மட்டும் இருக்கிறார்கள். அது அக்கால ஆங்கில வழக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் அவருடைய பிற்காலத்து நூலின் தலைப்பு விஸ்வகர்மாவைத் தேடுவதைப் பற்றியது. செய்பவர்களின் குலமுதல்வராக அவர் தேடிய தெய்வமும் ஆண்தான். 1968இல் தேர்ந்த உலோகக் கைவினைஞருக்கான குடியரசுத் தலைவர் விருது அவருக்குக் கிடைத்தது, 1992இல் பத்மஸ்ரீ. முதல் விருது அவரைக் கைவினைஞர் என்று அழைத்தது. கலைஞர், கைவினைஞர் என்ற எல்லையை அவர் கடந்ததற்கு அரசே தந்த சான்றிதழ் போல அது இருக்கிறது.

ஆனால் அந்த எல்லையை எந்தத் திசையில் யாரால் கடக்க முடிகிறது? முகர்ஜி என்பது வங்காளப் பிராமணக் குடும்பப் பெயர். அந்தப் பெயரும் கல்வியும் அரசு உதவித்தொகையும் உள்ள ஒரு பெண், மியூனிக்கிலிருந்து பஸ்தருக்குப் போய்க் கற்றுத் திரும்பிக் கலைஞராக நிலைபெற முடிந்தது. விஸ்வகர்மாவின் பெயரால் நம் ஊரில் அழைக்கப்படும் கம்மாளர்களிலும், கன்னார் வீட்டில் பிறந்த பெண் உலைக்கு முன் உட்கார்ந்து ஸ்தபதி என்று அழைக்கப்படுவதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? கட்வா குடும்பங்களில் மண் பிசைவதும், மெழுகைப் பதப்படுத்துவதும், நூல் இழுப்பதும் பெண்களின் அன்றாடம். அந்த வேலை இல்லாமல் ஓர் உருவமும் இல்லை. ஆனால் செய்தவர் யார் என்று கேட்டால் குடும்பத் தலைவரின் பெயர்தான் வரும். பெயர் வந்தால் அதுவே பெரிது. கொண்டாகாவ் ஊரின் ஜெய்தேவ் பகேல் போன்ற ஒருசில கட்வா கலைஞர்கள் நாடறிய மதிக்கப்பட்டார்கள். மற்றபடி, அருங்காட்சியகச் சீட்டுகளில் ‘பித்தளை, பஸ்தர், பழங்குடிக் கலை’ என்று ஊரும் உலோகமும் இருக்கும். ஆள் இருக்க மாட்டார்.

ஆக, இங்கே ஒரு படிக்கட்டு இருக்கிறது. மேல்படியில் பெயருள்ள ஆண் சிற்பி. அவருக்கு இணையாகப் போராடி வந்த பெயருள்ள பெண் சிற்பி. கீழே சமூகப் பெயர் மட்டும் உள்ள கைவினைஞர். அவருக்கும் கீழே, கைவினைஞர் என்ற சொல்லுக்குள்ளும் வராத அவருடைய மனைவியும் மகளும். கட்டட வேலையில் சித்தாள் நிற்கும் அதே படி அது. பெண் சிற்பி முதல் படிக்கு வந்துவிட்டதைக் கொண்டாடிவிட்டுப் புத்தகத்தை மூடினால், கடைசிப் படி அப்படியே இருக்கும்.

மீராவைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தப் படிக்கட்டு நமக்குக் கண்ணில் படுவதற்கே அவர் ஒரு காரணம். கட்வா முறையை ‘நாட்டுப்புற அலங்காரம்’ என்று கடந்துபோகாமல், உடலைச் சிந்திப்பதற்கான ஒரு வழி என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்த அறிவின் முகவரியை மறைக்காமல் நூலாக எழுதியும் வைத்தார். தாம் எங்கே கற்றோம் என்பதைத் தனி மேதைமையின் திரையால் மூடவில்லை. பழங்குடி வடிவங்களிலிருந்து எடுத்துக்கொண்டு அதைத் தங்கள் கண்டுபிடிப்பாகக் காட்டிய நவீன ஓவியர்களும் சிற்பிகளும் உலகெங்கும் இருக்கும்போது இந்த நேர்மை சாதாரணமானதல்ல. ஆனாலும், பெரிய வெண்கலம் எதையும் ஒருவர் தனியாக வார்க்க முடியாது. மூசையைத் தூக்கவும் அச்சைப் புரட்டவும் பல தோள்கள் வேண்டும். அந்தத் தோள்களின் பெயர்கள் சிலைகளின் பக்கத்தில் எழுதப்படவில்லை. அவர் எதிர்த்த பிரிவினையின் ஒரு துண்டு, கண்காட்சிக் கூடத்தின் வழக்கமாக அவருடைய சிலைகளுக்குள்ளும் வந்துவிட்டது.

வாள் ஏந்திய துயரம்

அவருடைய மிகப் பெரிய வேலை 1972இல் முடிந்த ‘கலிங்கத்தில் அசோகர்’. ஏறத்தாழ இரண்டு ஆள் உயரம். இன்று டெல்லியின் ஐடிசி மௌரியா ஓட்டலின் வளாகத்தில் நிற்கிறது. ஒரு பேரரசனின் மாபெரும் சிலையைப் பெண்ணியக் கட்டுரையில் எங்கே வைப்பது? அரசனை எந்தக் கணத்தில் பிடிக்கிறார் என்று பார்த்தால் இடம் தெரியும். வென்றவரின் சிலைக்கு உலகெங்கும் ஓர் இலக்கணம் உண்டு: குதிரை, உயர்த்திய கை, தொலைவில் பதிந்த பார்வை. மீரா எடுத்துக்கொண்டதோ, வென்ற பிறகு தான் செய்ததைக் கண்டுகொண்ட மனிதனை. அந்தப் பேருடலின் கனம் அதிகாரத்தின் கனமாகத் தோன்றுவதில்லை. தூக்க முடியாத ஒன்றைத் தூக்கி நிற்பதன் கனமாகத் தோன்றுகிறது. அவருடைய மண் சுமப்போரோடு இந்த அசோகரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சுமை மட்டும்தான் மாறியிருக்கிறது. வெண்கலத்தின் அரச மரபுக்குள் புகுந்து அதை வெற்றியிடமிருந்து பறித்துப் பொறுப்பிடம் ஒப்படைத்த சிலை இது.

அது ஒரு நட்சத்திர ஓட்டலில் நிற்பது கசப்பான வேடிக்கை. போருக்குப் பிந்தைய துயரத்தின் அருகே விருந்தினர்கள் தேநீர் அருந்துகிறார்கள். பொது இடத்தில் மக்கள் நிழலுக்கு ஒதுங்கும் சிலையாக இருந்திருக்க வேண்டியது அது. பெரிய வெண்கலத்துக்குப் பெரிய பணம் வேண்டும். பணம் தருபவரின் வாசலில்தான் அது நிற்கும். உழைப்பைப் பற்றிய கலையும் இந்த விதிக்கு வெளியே இல்லை. 1998இல் அவர் இறந்தபோது ஒரு பெரிய புத்தர் சிலையின் வேலையில் இருந்தார். எழுபதைத் தாண்டிய வயதிலும் மண்ணும் மெழுகும் உலையுமாகவே இருந்திருக்கிறார்.

நமக்கு என்ன

கலை வரலாறு படிக்கும் மாணவிகள் மீரா முகர்ஜியை ‘சாதித்த பெண்கள்’ வரிசையில் ஒரு பெயராக மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. அவருடைய முறையை ஒரு வாசிப்பு முறையாக எடுத்துக்கொள்ளலாம். ஓர் உருவத்தைப் பார்க்கும்போது அதன் மேற்பரப்பு எதை மறைக்கிறது, எதைக் காட்டுகிறது என்று கேட்பது. பளபளப்பு இருக்கும் இடத்தில், மெருகேற்றி அழிக்கப்பட்ட விரல்கள் யாருடையவை என்று கேட்பது. உழைப்பு என்று காட்டப்படுவது எந்தக் கணம், காட்டப்படாமல் போவது எந்த மணிநேரங்கள் என்று கேட்பது. சுவாமிமலைப் பட்டறையிலும், கைவினைக் கண்காட்சிக் கடையிலும், நம் தெருமுனைத் தலைவர் சிலையிலும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.

இன்னொரு வேலையும் மிச்சமிருக்கிறது. அறுபதுகளில் மீரா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் வார்ப்பவர்களைத் தேடி எழுதினார். மண் பிசைபவர்களையும் நூல் இழுப்பவர்களையும் தேடி, அவர்களையும் ‘செய்தவர்’ என்ற பத்தியின் கீழ்ப் பெயர் சொல்லி எழுதும் புத்தகம் நமக்கு வேண்டும். பஸ்தரில் மட்டும் அல்ல, நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைகளின் பின்கட்டிலும், மானாமதுரைக் குயவர் வீடுகளின் முற்றத்திலும் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு வெண்கலத்தின் முன்னால் நின்று, இதற்கு மண் பிசைந்தவர் யார் என்று நம் மாணவிகளில் ஒருத்தி கேட்கத் தொடங்கினால், மீராவின் வேலை இன்னொரு படி கீழே இறங்கி இன்னும் ஆழத்துக்குப் போகும்.